ஐஸ் பிடிக்காத பெட்டி

எங்கள் ஆய்வு நிலையத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி இயக்குநரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் ஊதாதேக்கா. அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொன்னால் அவர் பார்த்த வேலையும் பாதி விளங்கிவிடும்.

உடம்புக்கு வெளியே, தட்டில் செல்களை வளர்க்கிறவர்கள் அவற்றுக்குச் சத்துநீர் மட்டும் ஊற்றினால் போதாது. 'வளரு', 'பிரி', 'கிளை விடு' என்று செல்லுக்கு உத்தரவு போடும் புரதங்களும் புரதத் துண்டுகளும் வேண்டும். உடம்புக்குள் அவை தாமாகச் சுரக்கின்றன. தட்டில் வளரும் செல்லுக்கு நாம்தான் வாங்கிப் போட வேண்டும். அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. உறையவைத்து உலர்த்திய புரதத்தைச் சுண்டுவிரல் அளவுக் குப்பியில் அடைத்து அனுப்புவார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் குப்பிக்குள் ஒன்றும் தெரியாது, அவ்வளவு கொஞ்சம். முதல் தடவை வாங்குகிறவர்கள் காலிக் குப்பியை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள் என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துவார்கள்.

அந்தக் குப்பியை முதலில் சுழல் இயந்திரத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். மூடியில் ஒட்டியிருப்பது அடியில் இறங்கும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். யாராவது தும்மினால் போயிற்று. குப்பி திறக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் பேச வாயெடுத்தாலும் இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஊதாதே!" என்று அதட்டுவார். ஒருமுறை பின்னால் வந்து நின்று "எப்படிப் போகுது?" என்று கேட்டவருக்கும் அந்த அதட்டல் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் இயக்குநர். அன்றிலிருந்து பெயர் நிலைத்துவிட்டது.

அவர் நிலையத்துக்கு வந்தது கழுவறை வேலைக்கு. கழுவறை என்றால் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் அறை. நீளமான எஃகுத் தொட்டி, எதிரே ஜன்னலில்லாத சுவர், காலுக்குக் கீழே எப்போதும் ஈரம். பதினோரு வருடம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்லுக்குச் சோப்பு ஆகாது. கழுவிய பாட்டிலில் சோப்பின் வாடை மிச்சமிருந்தாலே செல் செத்துவிடும். அவர் கழுவிய பாட்டிலில் ஒருபோதும் செல் சாகவில்லை. செல்கூடத்தில் வேலை பார்த்த பெண் பிரசவ விடுப்பில் போனபோது, அப்போதிருந்த ஆய்வாளர், "அந்த அம்மா கை சுத்தம், கொஞ்ச நாள் உட்கார வையுங்க" என்று சொன்னார். விடுப்பில் போன பெண் திரும்பி வரவில்லை. இவர் எழுந்திருக்கவுமில்லை.

செல்கூடத்தில் காற்றை வடிகட்டி அனுப்பும் ஒரு மேசை உண்டு. முன்பக்கம் பாதிக் கண்ணாடி இறங்கியிருக்கும். அதன் கீழே இரண்டு கையையும் விட்டு வேலை செய்ய வேண்டும். அதன் முன்னாலிருந்த எஃகு முக்காலிதான் அவருடைய இடம். கதை முழுக்க அந்த முக்காலியைப் பற்றியதுதான். அதற்கு மேலே அவர் எதற்கும் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதை விட்டுக் கீழே இறங்கவும் அவர் தயாராக இல்லை. நான் அங்கே பண்டகப் பதிவாளராக இருந்தேன். நான் நேரில் பார்க்காத இடங்களை அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

கரைத்த புரதத்தைச் சின்னச் சின்னக் குழாய்களில் பங்கு பிரித்து உறையவைப்பார்கள். தினம் ஒரு குழாயை எடுத்து உருக்கி, செல்லுக்குப் போட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைத்தால் புரதம் தளர்ந்துவிடும். இந்தக் குழாய்களுக்கென்று ஒரு பழைய உறைபெட்டி இருந்தது. அதன் சுவரில் பனிக்கட்டி ஒரு கை கனத்துக்கு வளர்ந்துவிடும். குழாய்ப் பெட்டிகள் பனிக்குள் புதைந்துபோகும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேறு இடத்தில் ஒதுக்கி, மர அகப்பை கொண்டு பனியைத் தட்ட வேண்டும். அந்த வேலை இவர் தலையில்தான். விரல் மரத்துப்போகும், முதுகு பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்காக முணுமுணுத்து, கடைசியில் இயக்குநரிடமே போய் நின்றார்.

"சரி, புதுசு வாங்கலாம். எந்த மாதிரி வேணும்னு நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

விசாரிக்க அவர் வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீட்டு முன்னறையே அவருக்குப் பட்டறை. உட்கார நாற்காலி தேடினால் அதன்மேல் ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கும்.

"இந்தக் காலத்துல ஐஸச் சுரண்டிக்கிட்டு இருக்கீங்களா? பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க இருக்கிற இடம்னு பேரு வேற" என்றார் அவர்.

"படிப்புக்கும் ஐஸுக்கும் என்னங்க சம்பந்தம்? பெட்டி பழசு."

"ஐஸே பிடிக்காத பெட்டி வந்து எத்தன வருஷமாச்சு! வாங்கிப் போட்டுட்டு மறந்துடலாம். கல்யாணம் மாதிரி இல்ல, தொந்தரவே இருக்காது."

"மைனஸ் இருபது காட்டுமா?"

"முகத்துலயே நம்பர் எரியும். நீ போய்ப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

பெட்டி வந்தது. வெள்ளைச் சுவர், கண்ணாடித் தட்டுகள், கதவில் நீல நிறத்தில் மைனஸ் இருபது. கையை விட்டுத் தடவினால் ஒரு துளி பனி இல்லை. பழைய பெட்டியை ஏலக்காரர் எடுத்துப்போனார். நரம்புச் செல், ஹார்மோன் என்று மாடியிலிருந்த எல்லாப் பிரிவும் தங்கள் குழாய்களைக் கொண்டுவந்து புதுப் பெட்டியில் இடம் பிடித்தன. அவர் இரண்டு நாள் எல்லோருக்கும் கதவைத் திறந்து திறந்து காட்டினார். "அடிக்கடி திறக்காதீங்க" என்று எழுதி ஒட்டியவரும் அவரே.

தொந்தரவு அதன் பிறகுதான் தொடங்கியது.

செல்கூடத்தை அப்போது பயன்படுத்திக்கொண்டிருந்தவர் நரம்புச் செல்லை ஆராயும் ஒரு பெண். பட்டம் இன்னும் வாங்கவில்லை; ஆனாலும் எல்லோருக்கும் அவர் நரம்பு டாக்டர். அவருடைய செல்களுக்கு நரம்பு வளர்ச்சிப் புரதம் ஒன்றைப் போட்டால், உருண்டையாகக் கிடக்கிற செல் இரண்டு பக்கமும் நூல் மாதிரி இழை விடும். இழை பக்கத்துச் செல்லைப் போய்த் தொடும். மைக்ராஸ்கோப்பில் பார்க்க அழகாக இருக்கும் என்று சொல்வார்கள். எனக்கும் ஒருமுறை காட்டினார்கள். செல்லுக்கு வேளா வேளைக்குச் சத்துநீர் மாற்றுவதும் புரதம் போடுவதும் ஊதாதேக்காவின் வேலை.

புதுப் பெட்டி வந்து சில வாரம் கழித்து ஒரு காலை, நரம்பு டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கூப்பிட்டார்.

"அக்கா, உருண்டையா கிடக்கு."

"முந்தாநேத்து இழை விட்டிருந்துச்சே டாக்டரம்மா?"

"விட்டுச்சு. இப்ப உள்ள இழுத்துக்கிச்சு. கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

புரதத்தின் வீரியம் தீர்ந்திருக்கும் என்று புதுக் குப்பி ஒன்றைத் திறந்தார்கள். அன்றைக்கே போட்ட தட்டில் இழை வந்தது. மிச்சத்தைப் பங்கு பிரித்துப் புதுப் பெட்டியில் வைத்தார். பத்து நாள் கழித்து எடுத்துப் போட்ட குழாய் வேலை செய்யவில்லை. செல் மறுபடி உருண்டை. சத்துநீரை மாற்றினார்கள். தட்டை மாற்றினார்கள். கையுறையை வேறு கம்பெனியில் வாங்கினார்கள். செல்களை வெதுவெதுப்பாக வைக்கும் இன்குபேட்டரைக் காலி செய்து துடைத்தார்கள். திரவ நைட்ரஜன் குடுவையில் உறைந்து உறங்கிக்கொண்டிருந்த பழைய செல்லை எழுப்பி வளர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றுதான்: குப்பி திறந்த புதிதில் நன்றாக இருக்கும், பிறகு தேயும்.

மூன்றாவது குப்பியும் இப்படிப் போனபோது இயக்குநர் ஊதாதேக்காவைக் கூப்பிட்டார். நரம்பு டாக்டரும் அங்கே இருந்தார்.

"கோவப்படாம கேளுங்க. குப்பி வர்றப்ப புரதம் நல்லா இருக்கு. நீங்க பிரிச்சு வச்ச டியூப எடுத்தா கெட்டுப்போயிருக்கு. நடுவுல நடந்தது என்ன?"

"பிரிச்சது சார்."

"யாரு பிரிச்சது?"

"நான்தான்."

"அவ்வளவுதான் நான் சொல்றது."

ஊதாதேக்கா செல்கூடத்துக்குத் திரும்பினார். இயக்குநரின் வாதத்தில் ஓட்டை இருப்பதாக அவருக்கே தோன்றவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அதுதான் அவரை வாட்டியது. யாராவது அநியாயமாகப் பழி போட்டால் திருப்பிச் சண்டை போடலாம். இவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த குப்பிக்கு அவர் எவ்வளவு கவனமாக ஏற்பாடு செய்தார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். நுரை வந்தால் புரதம் கெடும் என்று, கரைக்கும்போது குலுக்காமல் குப்பியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தார். புரதம் ஒட்டாத ரகக் குழாய்களை என்னிடம் கேட்டு, சரக்கில் இல்லை என்று நான் சொன்னதும் சண்டை பிடித்து வரவழைத்தார். பங்கை இன்னும் சின்னதாக்கினார். ஒரு குழாயில் ஒரே ஒரு தட்டுக்குப் போதுமான அளவு, கண்ணீர்த் துளி மாதிரி. ஒருமுறை உருக்கினால் மிச்சமே இருக்கக் கூடாது என்பது கணக்கு. வைத்த குழாய்கள் மேல் குளிர்காற்று நேராகப் பட வேண்டும், கதவைத் திறக்கும்போது வெளிச்சூடு எட்டக் கூடாது என்று, பெட்டியின் பின்சுவரில் காற்று வரும் துளைக்கு முன்னால் அடுக்கிவைத்தார்.

அந்தக் குப்பி முந்தியவற்றைவிடச் சீக்கிரம் கெட்டது.

நரம்பு டாக்டர் பேனாவை மேசையில் விட்டெறிந்தார். "என்னக்கா பண்றீங்க? நிஜமாவே கேக்கறேன், என்ன பண்றீங்க?"

"உங்க முன்னாடிதானே பண்ணேன்! நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க!"

"பார்த்தேன். அதான் எனக்கும் புரியல."

"நான் மட்டும் புரிஞ்சுக்கிட்டு உங்களுக்குச் சொல்லாம வச்சிருக்கனா?"

இரண்டு பேரும் அதன் பிறகு ஒரு வாரம் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. வாரக் கடைசியில் இயக்குநரின் உத்தரவு வந்தது. அடுத்த மாதம் முதல் செல்கூடத்துக்குப் பயிற்சி பெற்ற புதுப் பெண் வருவார், இவர் கழுவறைக்கு. சம்பளத்தில் மாற்றம் இல்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த வரிதான் தன்னை மிகவும் அவமானப்படுத்தியது என்றார் ஊதாதேக்கா. "என்னமோ நான் சம்பளத்துக்காகத்தான் அந்த முக்காலியில உட்கார்ந்திருந்த மாதிரி."

கழுவறையில் அப்போது வேலை பார்த்தவரை எல்லோரும் அண்ணன் என்போம்; நல்ல மனிதர்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. "வா தங்கச்சி, மாமியார் வீட்டுலேர்ந்து பொறந்த வீட்டுக்கு வர்ற. தொட்டி அதே தொட்டிதான், சுவரும் எங்கயும் போகல" என்று போகிற வழியில் ஒரு குரல் கொடுத்தார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்னறையில் மெக்கானிக் யாரோ ஒருவருடைய ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டிருந்தார். ஐஸ்கிரீம் மணல் மாதிரி நறநறக்கிறது என்று புகாராம். கல்லூரியில் படிக்கும் மகள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர் தேநீர் கொண்டுவந்து வைக்கக் குனிந்தார். பெட்டியின் பின்தகடு கழற்றியிருந்தது. உள்ளே குளிர்க்குழாய்களை ஒட்டி ஒரு கம்பிச் சுருள் ஓடியது. மெக்கானிக் இரண்டு ஒயரைத் தொட்டு இணைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சுருளிலிருந்து அனல் முகத்தில் அடித்தது.

"என்னங்க இது, சுடுது?"

"ஹீட்டர்."

"ஃப்ரிட்ஜுக்குள்ள எதுக்குங்க ஹீட்டரு?"

"பின்ன ஐஸ் எப்படிப் பிடிக்காம இருக்கும்? வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருக்குமா? பிடிச்சதும் இது எரிஞ்சு உருக்கி விட்டுரும். தண்ணி பின்னால வழிஞ்சு போயிரும்."

"எப்பவாவதா?"

"தினம். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தரம். அப்ப உள்ள இருக்கிறது லேசா இளகி மறுபடி உறையும். இந்த ஃப்ரிட்ஜுக்காரங்க வீட்டு ஐஸ்கிரீம் அதான் மணலாயிருக்கு. அந்தம்மா காத்து வர்ற ஓட்டைக்கு நேரா வச்சிருக்காங்க, யார் சொன்னாலும் கேக்கறதில்ல."

தேநீர் டம்ளர் தரையில் இறங்கியதா விழுந்ததா என்று அவருக்கு நினைவில்லை. மகள்தான் துணி கொண்டுவந்து துடைத்தாளாம்.

"எங்க ஆபீஸ் பெட்டியிலயும் இது இருக்கா?"

"இல்லாம? ஐஸ் பிடிக்காத பெட்டின்னா இதானே?"

"அதுல நான் புரதம் வைக்கிறேங்க! ஒரு தரம் உருகினாலே ஆகாது அதுக்கு. கண்ணீர்த் துளி அளவு டியூபுல வச்சிருக்கேன். அந்த ஓட்டைக்கு நேரா வச்சிருக்கேன்!"

"நீ என்ன வைக்கப்போறன்னு என்கிட்ட எங்க சொன்ன? ஐஸ் சுரண்ட முடியலன்ன. சுரண்ட வேண்டாத பெட்டி சொன்னேன்."

"ஹீட்டர் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"ஃப்ரிட்ஜுல மோட்டார் இருக்குன்னும் சொல்லல. அதுக்கும் சண்ட போடு."

"அம்மா, அப்பா, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. டார்ச் பிடிச்சுப் பிடிச்சு கை வலிக்குது" என்றாள் மகள்.

சின்னத் துளி சீக்கிரம் உருகும். எவ்வளவு கவனமாகப் பங்கைச் சின்னதாக்கினாரோ அவ்வளவு வேகமாக அது கெட்டிருக்கிறது. மேலும் கவனமாக இருந்து, மேலும் கெடுத்து, அதற்காகத் தன் கையைச் சந்தேகப்பட்டு, மேலும் கவனமாகி... இதை நினைக்க நினைக்க அவருக்குச் சிரிப்பும் அழுகையும் வரவில்லை, வெறும் எரிச்சல்தான் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மெக்கானிக் இறங்கிவந்தார். "சரி விடு. நாளைக்குப் பெட்டி சத்தம் போடுதுன்னு சொல்லு. நான் பார்க்க வர்ற மாதிரி வந்து ஹீட்டர் ஒயரக் கழட்டி விட்டுர்றேன். அஞ்சு நிமிஷ வேல. உன் செல்லும் வளரும், உன் கை மேலயும் குத்தமில்லன்னு ஆயிரும். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்."

அன்று சாயங்காலம் வரை அவர் அதைச் செய்வதாகவே இருந்தார். மறைக்க அவருக்கு நல்ல காரணம் இருந்தது. அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கியவர் அவர். கதவைத் திறந்து திறந்து காட்டியவர் அவர். இப்போது வாயைத் திறந்தால், கை கெடுத்தது என்ற பழி போய் மாடி முழுவதையும் கெடுத்தவர் என்ற பழி வரும். ஆனால் துணி மடிக்கும்போது ஒன்று தோன்றியது. ஒயரைக் கழற்றினால் இனி வைக்கிற குழாய் பிழைக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கிற குழாய்கள்? ஹார்மோன் பிரிவின் பெட்டிகள் இரண்டு தட்டு நிறைய இருந்தன. கெட்டது என்று தெரியாமல் அவர்கள் அதையே போட்டுப் பார்த்து, ஹார்மோன் வேலை செய்யவில்லை என்று முடிவு எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

"வேண்டாங்க. சொல்லிடறேன்" என்றார்.

"சொன்னா கழுவறைதான்."

"சொல்லாட்டியும் அதானே உத்தரவு போட்டிருக்காங்க."

மறுநாள் காலை நரம்பு டாக்டரிடம்தான் முதலில் சொன்னார். அவர் கேட்டு முடித்ததும் விரல் விட்டு எண்ணினார்.

"மூணு மாசம்க்கா. என்னோட மூணு மாசம்."

"தெரியும் டாக்டரம்மா. திட்டணும்னா திட்டுங்க."

"திட்டறதுக்குத் தெம்பு இல்ல. நானும்தான் தினம் அந்தக் கதவத் திறந்தேன். அந்த நீல நம்பரப் பார்த்து ஏமாந்தேன்." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வாங்க, சார்கிட்ட போவோம்."

இயக்குநர் எழுந்து வந்து பெட்டியின் முன் நின்றார். கதவில் மைனஸ் இருபது எரிந்துகொண்டிருந்தது. "இருபதுன்னுதானே காட்டுது?" என்றார். உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்தார்கள். ஹீட்டர் எரியாத நேரம் போலும், திறந்து பார்த்த வேளையிலெல்லாம் அது சமர்த்தாக இருபதையே காட்டியது. "உங்க வீட்டுக்காரர் ஐஸ்கிரீம் கெட்டுப்போச்சுன்னு சொன்னத வச்சு நான் புதுப் பெட்டி கேட்டு எழுத முடியுமா? மேல இருக்கிறவங்க சிரிப்பாங்க. உத்தரவு உத்தரவுதான்."

நரம்பு டாக்டர் விடவில்லை. "அப்ப சோதிச்சுப் பார்த்துடலாம் சார். ஒரு புதுக் குப்பி. அக்காவே பிரிக்கட்டும். பாதி இந்தப் பெட்டியில, பாதி கீழ் மாடியில இன்னும் வச்சிருக்கிற, ஐஸ் பிடிக்கிற பழைய மாதிரிப் பெட்டியில. கை ஒண்ணு, பெட்டி ரெண்டு. கை கெடுத்திருந்தா ரெண்டும் கெடும்."

இயக்குநர் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் உத்தரவை நிறுத்திவைக்கவில்லை. குழாய்களைப் பிரித்து வைத்துவிட்டு, மாதம் பிறந்ததும் ஊதாதேக்கா கழுவறைக்குப் போனார். முக்காலியில் புதுப் பெண் உட்கார்ந்தார்.

சோதனை முடிவு தெரிய ஆன மூன்று வாரமும் அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாட்டில்களைத் தொட்டியில் இறக்கும் சத்தம் நடைக்கே கேட்டது. கழுவறை அண்ணன் என்னிடம் வந்து, "சார், பாட்டில் உடைஞ்சா கணக்குல என் பேர எழுதாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். ஒன்றுகூட உடையவில்லை.

முடிவு தெரிந்த அன்று நரம்பு டாக்டர் கழுவறை வாசலில் வந்து நின்றார். உள்ளே தரை ஈரம் என்று தயங்கினார். "அக்கா, கீழ் மாடிப் பெட்டி டியூப் போட்ட தட்டுல இழை பின்னிக்கிட்டு கிடக்கு. நம்ம பெட்டி டியூப் போட்டது உருண்டை. வந்து பாருங்க."

"கைய துடைச்சுட்டு வர்றேன்" என்றாராம். வெகு நேரம் துடைத்தாராம்.

மைக்ராஸ்கோப்பில் அவர் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது இயக்குநரும் வந்துவிட்டார். கம்பெனிக்குப் போன் போட்டார்கள். எதிர்முனையில் பேசியவருக்கு ஆச்சரியமே இல்லை. "ஒவ்வொரு குப்பியோடயும் ஒரு தாள் வைக்கிறோமே சார். தானா ஐஸ் உருக்கற பெட்டியில வைக்காதீங்கன்னு அதுல போட்டிருக்குமே" என்றார். அந்தத் தாள்களை நாங்கள் எல்லோரும் அட்டைப்பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம். பெட்டியைப் பிரித்து வரவு வைக்கும் நானும் அதில் சேர்த்தி.

பழி போயிற்று, மகிழ்ச்சி வரவில்லை. அன்றே எல்லாப் பிரிவுக்கும் தகவல் போனது. ஒவ்வொருவராக வந்து குழாய்களை எடுத்துக் கொட்டினார்கள். ஹார்மோன் பிரிவுக்காரர் இரண்டு கையிலும் பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு ஊதாதேக்காவின் எதிரில் நின்றார்.

"எங்கள மூச்சு விடாதேன்னு அதட்டினீங்க. இங்க ஹீட்டரே போட்டு வச்சிருக்கீங்க."

"தெரியாம நடந்தது சார்."

"தெரிஞ்சு செஞ்சா வேற பேரு இருக்கே."

சொல்லாமல் ஒயரைக் கழற்றியிருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அவர் மனதில் அது ஓடியதா என்று கேட்டேன். "ஓடாம இருக்குமா சார்? நானும் மனுஷிதானே" என்றார்.

முக்காலி என்ன ஆயிற்று என்றுதானே கேட்பீர்கள்? அவரும் அதைத்தான் இயக்குநரிடம் போய்க் கேட்டார்.

"உங்க கை மேல தப்பில்லன்னு ஆச்சு. நல்லது" என்றார் இயக்குநர். "ஆனா புதுப் பொண்ண வேலைக்கு எடுத்தாச்சு. அவங்கள எங்க அனுப்பறது? கழுவறையிலயும் ஆள் வேணும்."

"சார், தப்பில்லன்னா என் இடத்தக் குடுக்கணும்ல?"

"இடம்னு எழுதி வச்சிருக்கா? சரி, ஒண்ணு பண்றேன். அரை நாள் கழுவறை, அரை நாள் செல்கூடம். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாருங்க."

உத்தரவு தட்டச்சாகி என் மேசை வழியாகத்தான் போனது. காலை கழுவறை, பிற்பகல் செல்கூடம் என்று இருந்தது. அதை வாங்கிப் படித்ததும் அவர் திரும்ப இயக்குநர் அறைக்கே போனார். கதவு திறந்திருந்ததால் நடையில் இருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது.

"காலையில பூரா சோப்புத் தண்ணியில கைய விட்டுட்டு மதியம் செல்லுகிட்டப் போகச் சொல்றீங்களா சார்? கையுறை போட்டாலும் பயம்தான். மாத்துங்க. காலையில செல், மதியம் பாட்டில்."

"எதுவா இருந்தா என்னம்மா? தட்டச்சு ஆயிடுச்சு."

"மறுபடி தட்டச்சு பண்ணுங்க. இல்லன்னா நான் கழுவறையே பார்த்துக்கறேன். எந்தச் செல்லும் என் கையால சாக வேண்டாம். செத்தா மறுபடி என் கையத்தான் சொல்லுவீங்க."

பிறகு இயக்குநர் தட்டச்சரைக் கூப்பிடும் மணி அடித்தது.

திங்கட்கிழமை காலை அவர் முக்காலியில் உட்கார்ந்தார். முதல் நாள் என்பதால் புதுப் பெண் கழுவறைக்குப் போகாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழ் மாடியிலிருந்து ஐஸ் டப்பாவில் கொண்டுவந்த குழாயை உள்ளங்கையில் உருக்கி, தட்டின் குழி ஒவ்வொன்றிலும் அளந்து விட்டுக்கொண்டே போனார். பாதித் தட்டு முடிந்திருந்தபோது மதிய மணி அடித்தது. அவர் அளந்து விடும் பிப்பெட்டைத் தாங்கியில் வைத்தார். கையுறையைக் கழற்றினார்.

"மூணாவது வரிசை கடைசிக் குழி வரைக்கும் போட்டாச்சு" என்றார் புதுப் பெண்ணிடம். "நாலாவதுலேர்ந்து நீங்க."

பிறகு கழுவறைக்குப் போனார்.